மூணு பேரா நிக்காதீங்க

இந்தப் பையைக் கீழ வைக்கச் சொல்லாதம்மா, மடியிலயே இருக்கட்டும். உனக்கு இடிச்சாச் சொல்லு, நான் இப்படிச் சரிஞ்சு உக்காந்துக்கிடுறேன். உள்ள ஆல்பம் இருக்கு. எல்லாரு முகமும் இருக்கிற பையைக் கால்மாட்டுல போட மனசு வராது.

நீயும் மதுரைக்கா? நல்லதாப் போச்சு. பேசாம வந்தா எனக்கு பஸ்ஸுல குமட்டும். கண்டக்டர் ஏறும்போதே சொன்னாரு, "அம்மா, வெரசாப் போகணும்னா பின்னால பைபாஸ் வண்டி வருது"ன்னு. ரெண்டு பைபாஸ் வண்டியை விட்டுட்டுத்தான் நான் நின்னேன், அவருக்குத் தெரியுமா? எனக்குச் சாத்தூர் ஊருக்குள்ள போயி நிக்கிற வண்டிதான் வேணும். காரணம் இருக்கு. அதைப் பைய சொல்றேன்.

நான் கோவில்பட்டி. பேரு வடிவு. அண்ணன் வீட்டுல இருக்கேன். இல்ல, கல்யாணம் ஆகலை. ஏன் அப்படிப் பாக்கே? அம்பத்தெட்டு வயசுல கல்யாணம் ஆகலைன்னா அது ஒண்ணும் நோயில்ல. எங்க அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போயிட்டாங்க. நான் அப்பத்தான் பத்தாவது முடிச்சிருந்தேன். அண்ணன்தான் கூட்டி வச்சுக்கிட்டாரு. சும்மா இல்ல, ராசாத்தி மாதிரி வச்சுக்கிட்டாரு. சமையக்கட்டு பூராவும் என் கையிலதான். மதினிக்கு ஒரு கரண்டி வேணும்னாலும் என்னைத்தான் கேக்கணும்.

பாத்தியா, சொல்லி வாய் மூடலை, அவதான். ஹலோ, மதினி... ஆமா, ஏறிட்டேன்... பெருங்காயமா? மேல் தட்டுல, காப்பித்தூள் டப்பாவுக்குப் பின்னால. நீல மூடி... அது சீரகம் மதினி. அதுக்கும் பின்னால... ம், அதுதான். சரி. சரி மதினி.

ஒரு நாள் நான் இல்லாட்டி ரசம் வைக்க முடியாது அவங்களுக்கு.

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்? அண்ணன். அண்ணனுக்கு வர்ற மாசம் எழுபது முடியுது. பீமரத சாந்தி. மண்டபம் பிடிச்சு, தவில் நாகசுரம் எல்லாம் சொல்லியாச்சு. அண்ணன் மக பானு சென்னையில இருக்கா. அவதான் போன்ல சொன்னா, "அத்தே, வீட்டுல இருக்கிற பழைய தீபாவளி, பொங்கல் போட்டோவை எல்லாம் மதுரையில ஸ்டூடியோவுல குடுத்து ஸ்கேன் பண்ணிட்டு வா, மண்டபத்துல பெரிய டீவியில ஓட விடணும்"னு. மதினிக்கு முட்டி வலி. அண்ணன் கடையை விட்டு அசைய மாட்டாரு. அப்ப யாரு இருக்கா? நான்தான். "தனியாப் போயிருவியா ஏட்டி?"ன்னு மதினி கேட்டா. தனியா நான் எங்க போயிருக்கேன், ரேஷன் கடையைத் தவிர? ஆனாலும் போயிருவேன்னேன். பட்டுன்னு சொல்லிட்டேன். எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு.

இப்ப என்னென்னமோ வந்துருச்சாமே. படத்துல வேண்டாத ஆளைக் கம்ப்யூட்டர்லயே எடுத்துருவாங்களாம். பானு சொன்னா, "அத்தே, எல்லாப் படத்துலயும் ஓரத்துல நீ நிக்கே. உன்னை எடுத்துட்டா குடும்பம் பளிச்சுன்னு இருக்கும். ஸ்டூடியோவுல நான் சொல்லிட்டேன், நீயும் ஒரு வார்த்தை சொல்லிரு"ன்னு. சரிதான்னுட்டேன். டீவியில ஓடும்போது எல்லாரு முகமும் பெருசாத் தெரியணும்ல. சின்னதுல இருந்தே அவ அப்படித்தான், எதுவும் நறுவிசா இருக்கணும். நான் வளத்த பிள்ளை.

என்னம்மா, முகம் ஒரு மாதிரி போகுது? வெயில் அடிக்குதா? ஷட்டரை இறக்கிவிடு.

படம் பாக்கிறியா? பாரு, சாத்தூர் வரைக்கும் பொழுது போகணும்ல. கடலைமிட்டாய் தின்ன கையை மட்டும் தொடச்சுக்கோ. இது மதினியும் அவ தங்கச்சிமாரு ரெண்டு பேரும், தலைத் தீபாவளிக்கு எடுத்த பட்டைக் கட்டிக்கிட்டு. ஓரத்துல மாவுக் கையோட நான். இது அண்ணன், பெரியக்கா, அத்தான். ஓரத்துல நான், கையில எண்ணெய் வடிக்கிற சாரணி. இதுல பானுவும் பெரியக்கா பிள்ளைங்க ரெண்டும் மத்தாப்புப் பிடிக்காங்க. பின்னால புகைக்குள்ள பாதி முகம் தெரியுதா? அதுவும் நான்தான். பொங்கல் பாரு. மாட்டுப் பொங்கல் பாரு. எங்க வீட்டு ஆல்பத்துல என் அளவுக்கு யாரும் கிடையாது. அண்ணன்கூட இத்தனை படத்துல இல்ல. அவரு வீடு!

எப்படின்னு கேளு. மூணு பேரா நின்னு போட்டோ எடுக்கக் கூடாதுல்ல. ஏன், உங்க பக்கம் பாக்க மாட்டாங்களா? நடுவுல நிக்கிற ஆளுக்கு ஆகாது, ஆயுசைத் தின்னுரும். எங்க வீட்டுல அதுல ரொம்பக் கண்டிப்பு. பெரியக்கா வீட்டு அத்தான்தான் கேமரா வச்சிருந்தாரு. அவரு அதைத் தூக்கிக் கண்ணுல வச்சாப் போதும், யாராவது ஒருத்தர் எண்ணிருவாங்க. "ஏய், மூணு, மூணு! மூணு பேரா நிக்காதீங்க! வடிவைக் கூப்பிடு!" நான் அடுப்பைத் தணிச்சுட்டு ஓடுவேன். ஓடிப் போயி ஓரத்துல நின்னு, சிரிக்கலாமா வேண்டாமான்னு யோசிக்கிறதுக்குள்ள எடுத்துருவாங்க. திரும்பி ஓடியாந்தா முறுக்கைப் புரட்ட நேரம் சரியா இருக்கும். நான் மட்டும் இல்லைன்னா அந்த வீட்டுல பாதிப் படம் எடுத்திருக்கவே முடியாது. எத்தனை உசிரைக் காப்பாத்தியிருக்கேன்னு பாத்துக்கோ.

நாலு பேரா நின்னா என்னைக் கூப்பிட மாட்டாங்க. எதுக்குக் கூப்பிடணும்? அதான் நாலு இருக்கே.

ஏய், அந்தக் கவரைத் திருப்பாத. கொஞ்சம் இரு, நானே எடுக்கேன். இதைத் தனியாப் போட்டு வச்சிருக்கேன். பைய பிடி, ஓரத்தைத் தொடாத. இந்தப் படத்துக்காகத்தான் பைபாஸ் வண்டியை விட்டேன்.

இந்த ஓரத்துல நான். மாவுக் கை இல்ல பாரு. முகம் கழுவியிருக்கேன், பொட்டு நேரா இருக்கு, சேலையை இழுத்துச் சொருகாம விட்டிருக்கேன். நடுவுல பானு, ரெட்டைச் சடை. இந்தப் பக்கம் மதினி. மதினி மட்டும் ஏன் கை நிறைய வளையலும் மாலையுமா, வயித்தைத் தள்ளிக்கிட்டு நிக்கான்னு கேக்கிறியா? உத்துப் பாரு. ஒட்டினது. அவ வளைகாப்புப் படத்துல இருந்து வெட்டி ஒட்டினது. இப்ப கீழ பாரு, சேலைக் கரைக்குக் கீழ. ஆம்பளைச் செருப்பு தெரியுதா? ரெண்டு காலு? பெருவிரல் நகம்கூடத் தெரியும்.

அது அவரு காலு.

ஆவுடையப்பன்னு பேரு. அத்தானுக்குச் சித்தப்பா மகன். சாத்தூர்ல அப்ப பேனா நிப்புப் பட்டறை வச்சிருந்தாரு. அந்தத் தீபாவளிக்கு அத்தான்கூட எங்க வீட்டுக்கு வந்தாரு. தண்ணி குடிக்க அடுப்படிக்கு வந்தவரு, செம்பைத் திருப்பிக் குடுத்துட்டுப் போகாம நின்னாரு. "காலையில இருந்து பாக்கேன், எல்லாப் படத்துலயும் ஓரத்துல வந்து நின்னுட்டு ஓடுறீங்க. உங்களை வச்சு ஒரு படம் எடுக்கச் சொல்லவா?"ன்னாரு. "முறுக்கு கருகிரும்"னேன். அவ்வளவுதான் நாங்க பேசினது. அதுக்கு முன்னால ஒரு வார்த்தை இல்ல, அதுக்குப் பின்னால ஒரு வார்த்தை இல்ல. முறுக்கும் கருகித்தான் போச்சு.

சாயங்காலம் அத்தான் சொன்னாரு, பிலிம்ல கடைசியா ஒரு படம் மிச்சம் இருக்கு, அதையும் எடுத்துட்டா நாளைக்கே கழுவக் குடுத்துரலாம்னு. யாரை எடுக்கன்னு பேச்சு வந்துச்சு. இவரு ஏதோ சொல்லியிருப்பாரு போல. "வடிவு, முகத்தைக் கழுவிட்டு வா"ன்னு அத்தான் கூப்பிட்டாரு. மொதல்ல என்னை. அங்க யாருமே நிக்கலை, எண்ணுறதுக்கு ஆளே இல்ல, என்னைக் கூப்பிட்டாரு. நான் போயி நின்னேன். எங்க பாக்கன்னு தெரியாம நின்னேன். அத்தான் சும்மா இருப்பாரா? "ஏலே ஆவுடை, நீயும் பக்கத்துல நில்லு, ஒரு படத்துல என்ன வந்துரப் போகுது"ன்னு சிரிச்சாரு. அவரு தள்ளித்தான் நின்னாரு. மரியாதைக்காரரு. எங்களுக்கு நடுவுல ஒரு பிள்ளை நிக்கிற அளவுக்கு இடம். அந்த இடத்துக்குள்ள பானு ஓடியாந்து புகுந்துட்டா. நாலு வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும்? அத்தான் அமுக்கிட்டாரு. அப்பத்தான் மதினி வாசல்ல இருந்து கத்துறா, "மூணு! மூணு!"ன்னு. இன்னொரு படம் எடுக்கப் பிலிம் இல்ல. கேமரா கர்ருன்னு தானாச் சுத்துது.

கார்த்திகையில பெரியக்கா வந்து பேசினா, பையன் என்னைக் கேக்கான்னு. அண்ணனுக்குச் சம்மதம். தை பிறந்ததும் தாம்பூலம் மாத்திக்கிடலாம்னு முடிவாச்சு. மதினிதான் ரெண்டு மூணு நாளு சாப்பிடவே இல்ல, பாவம். என்னைப் பிரியணுமேன்னு அவளுக்கு அவ்வளவு வருத்தம். பாத்திரம் தேய்க்க ஆளு வச்சா என்ன கேப்பாங்கன்னு பக்கத்து வீட்டுல விசாரிச்சுக்கிட்டே கண்ணைத் தொடைச்சா. நான் என் கண்ணால பாத்தேன்.

மார்கழியில பானு படுத்துட்டா. மஞ்சக்காமாலை. கண்ணு ரெண்டும் மஞ்சக்கிழங்கு மாதிரி. அத்தான் கழுவி வச்சிருந்த படமெல்லாம் அப்பத்தான் எங்க வீட்டுக்கு வந்துச்சு. மதினி ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்துக்கிட்டு வந்தவ இதுல நின்னுட்டா. "எம் பிள்ளையை நடுவுல நிறுத்தித்தான் உங்களுக்குப் படம் கேக்குதோ"ன்னு கேட்டா. தாய் மனசு. அவ கேட்டதுல என்ன தப்பு? அண்ணன் என்னைப் பாக்காம, "பிள்ளைக்குச் சரியாகட்டும், மத்ததை அப்புறம் பாப்போம்"னாரு.

நாலாவதா ஒரு ஆளைச் சேத்துட்டா தோஷம் கழிஞ்சுரும்னு மதினிக்கு யாரோ சொல்லியிருக்காங்க. கத்தரிக்கோலை எடுத்துக் குடுத்தது நான். மைதாவைக் கரைச்சு அடுப்புல வச்சுப் பசை காய்ச்சினதும் நான். ஒட்டினது மட்டும்தான் அவ. இங்க பாரு, கதவுப் பக்கம் எவ்வளவு இடம் கெடக்கு, உன் விரலை வச்சுப் பாரு, ரெண்டு ஆளு நிக்கலாம். ஆனா அவளுக்குக் கை நடுங்கிருச்சு போல. பிள்ளை காய்ச்சல்ல கெடக்கும்போது யாருக்குத்தான் நடுங்காது? சரியா அவரு மேலயே வச்சு அமுக்கிட்டா. அதுக்கு மேல அரிசிப்படியைப் பாரமா வச்சா. நான் எதைக் காய்ச்சினாலும் கெட்டியாத்தான் காய்ச்சுவேன். இன்னைக்கு வரைக்கும் விடலை பாரு.

என்ன எண்ணுறே? ஆமாம்மா, பாத்தா மூணுதான் தெரியும். நானும் அன்னைக்கே கேட்டேன். "அடியில இருக்கிறவன் எங்க போயிட்டான்? அவனையும் சேத்தா நாலு"ன்னா மதினி. அதுவும் சரிதானே. அத்தான் வந்தப்போ படத்தைப் பாத்துட்டு, "வயித்துக்குள்ள இருக்கிற பானுவையும் சேத்தா அஞ்சுல்லா ஆகுது"ன்னு கிண்டல் பண்ணினாரு. யாரும் சிரிக்கலை. அதுக்கப்புறம் அவரு எங்க வீட்டுக்குக் கேமரா கொண்டு வர்றதில்ல.

பானுவுக்குச் சரியாப் போச்சு. கீழாநெல்லி அரைச்சு, பத்தியம் பாத்து, தூக்கம் முழிச்சு நான்தான் பாத்தேன். மதினி முகத்தைத் திருப்பிக்கிட்டு உக்காந்திருவா, அவளால பாக்க முடியாது. பங்குனியில பிள்ளை எழுந்து நடமாடிச்சு. நான் காத்துக்கிட்டிருந்தேன், அண்ணன் பேச்செடுப்பாருன்னு. பேச்செடுக்கலை. பெரியக்கா கேட்டதுக்கு, "ஒரு கண்டம் தப்பியிருக்கு, ஒரு வருஷம் போகட்டும்"னாரு. அந்த ஒரு வருஷத்துக்குள்ள மதினி ரெண்டாவது உண்டாயிட்டா. பிரசவம் பாக்கணும். அப்புறம் அந்தப் பிள்ளை, அப்புறம் அதுக்குப் பள்ளிக்கூடம். அழுதேன். பொய் சொல்ல மாட்டேன், அரிசி களையும்போது அழுவேன், தண்ணி சத்தத்துல தெரியாது. ஆனா ஒரு நாளும் என்னைப் போன்னோ வேண்டாம்னோ யாரும் சொன்னதில்ல. "நீ இல்லாட்டி இந்த வீடு ஓடுமா?"ன்னு மதினி வாயாலயே சொல்லியிருக்கா. எத்தனை நாத்தனாருக்கு அந்த வார்த்தை கிடைக்கும், சொல்லு.

அவரா? அவரு ஆறேழு வருஷம் கழிச்சுத்தான் கல்யாணம் முடிச்சாராம். எனக்காகக் காத்திருந்தாருன்னு நான் சொல்லலை, பெரியக்காதான் சொன்னா. இப்ப பேரப் பிள்ளை எடுத்தாச்சாம். பட்டறையை மூடிட்டு, சாத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல நோட்டு, பேனா விக்கிற கடை வச்சிருக்காராம். பச்சை போர்டாம். அதெல்லாம் நல்லா இருக்கட்டும். அவரு குடும்பத்து மேல எனக்கு ஒரு எண்ணமும் இல்ல, தப்பா நெனச்சுராத.

எனக்கு என்ன குறைன்னா, முகம் மறந்து போச்சு. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன். மொத ரெண்டு மூணு வருஷம் கண்ணை மூடினாத் தெரியும். அப்புறம் மீசை மட்டும் தெரிஞ்சுச்சு. அப்புறம் அதுவும் அவரு மீசையா, அத்தான் மீசையான்னு சந்தேகம் வந்துருச்சு. இப்ப அவரை நெனைச்சா மதினி வயித்தைத் தள்ளிக்கிட்டு வந்து நிக்கா. நெசமாத்தான். சிரிப்பா இருக்கா? எனக்கும் சில சமயம் சிரிப்பா வரும். அப்புறம் படத்தைக் கவிழ்த்து வச்சுருவேன்.

ஏய், ஏய், நகத்தை வைக்காத! குடு இங்க. நல்ல பிள்ளையா இருக்கேன்னு கையில குடுத்தா... பிரிஞ்சு போச்சுன்னா என்ன ஆகும்? மறுபடி மூணாயிரும். நடுவுல பானு. அவளுக்கு ரெண்டு சின்னப் பிள்ளைங்க இருக்கு. அவரு முகத்தைப் பாக்கணும்னு நான் அவ உசிரை வச்சு விளையாடவா? இத்தனை வருஷத்துல எத்தனை மத்தியானம் இதைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன், ஓரத்துல விரலை வைப்பேன், அவ கண்ணு மஞ்சளாத் திரும்பிப் பாத்த மாதிரி இருக்கும், எடுத்துருவேன். ஒண்ணும் செய்ய முடியாதும்மா. பசையும் நான் காய்ச்சினது, பிள்ளையும் நான் வளத்தது.

போன பொங்கலுக்கு வந்தப்போ பானு இதைப் பாத்துட்டு விழுந்து விழுந்து சிரிச்சா. "அம்மா, உன் சேலைக்குக் கீழ யாரு காலு?"ன்னு கேட்டா. மதினி கண்ணாடியைப் போட்டுப் பாத்துட்டு, "யாரோ, பெரியத்தை வீட்டுல இருந்து வந்தவன். சுடலையோ என்னமோ பேரு"ன்னா. நெசமாவே மறந்து போச்சும்மா அவளுக்கு. நான் "ஆவுடையப்பன்"னேன். மிக்ஸி ஓடிக்கிட்டிருந்துச்சு, யாரு காதுலயும் விழலை. மிக்ஸியைப் போட்டது நான்தான்.

அதனால ஒரு யோசனை பண்ணினேன். படத்தைப் பிரிக்கத்தானே கூடாது? ஆளையே பாத்துட்டா? அதுல ஒரு தோஷமும் இல்லைல்ல. ஒரு பேனா வாங்கப் போறேன். அவ்வளவுதான். ஒரு பேனா குடுங்கன்னு கேப்பேன், அவரு எடுத்துக் குடுக்கும்போது முகத்தை நல்லாப் பாத்துட்டு வந்துருவேன். அவருக்கு என்னைத் தெரியப் போறதில்ல. தெரிஞ்சுட்டா? தெரிஞ்சுட்டா என்ன சொல்லன்னும் யோசிச்சு வச்சிருக்கேன். அதை உங்கிட்டச் சொல்ல மாட்டேன்.

சாத்தூர் வந்துருச்சா? ஆமா, வந்துருச்சு. கண்டக்டர் என்ன சொல்றாரு? டீ குடிக்கிறவங்க குடிக்கலாமா? அப்ப கொஞ்ச நேரம் நிக்கும். வாங்கிட்டு வர எவ்வளவு நேரம் ஆகும்? ரோட்டைத் தாண்டினாக் கடை. இங்க இருந்தே தெரியுது பாரு, பச்சை போர்டு.

இருமா, போன். ஹலோ, மதினி... இப்பத்தான் சாத்தூர்... ஆமா, வண்டி நிக்குது... காராச்சேவா? எறங்கி வாங்கவா? அரைக் கிலோ போதுமா... சரி மதினி. எறங்குறேன்.

கேட்டியா? அவளே எறங்கச் சொல்லிட்டா! இனி யாருக்கும் ஒரு பதிலும் சொல்ல வேண்டாம். இந்தா, பையைப் பிடி, பத்திரம். தலை சரியா இருக்கா? பொட்டு? போயிட்டு வந்துருறேன்.

கொஞ்சம் இரு. கடையில ரெண்டு பேரு இருக்காங்க.

ஒருத்தர் உள்ள நிக்காரு, ஒருத்தர் வெளிய ஸ்டூல்ல உக்காந்து பேப்பர் படிக்காரு. ரெண்டு பேருக்கும் நரைச்சிருச்சு. ரெண்டு பேருக்கும் மீசை. இதுல யாரும்மா? நீ பாரு, உனக்குச் சின்ன வயசுக் கண்ணு. மதினி உயரத்துக்கு முழுசா மறைஞ்சாருன்னா அவரு ரொம்ப நெட்டை இல்ல. ஆனா வயசானா எல்லாரும் குறுகித்தானே போவாங்க. காலைப் பாத்தாச் சொல்லிருவேன். உள்ள நிக்கிறவரு காலைக் கல்லா மேசை மறைக்குது. ஸ்டூல்ல இருக்கிறவரு காலைத் தூக்கி மடக்கி வச்சிருக்காரு.

போயிக் கேக்கவா? என்னன்னு? நல்லாச் சொன்னே போ. இத்தனை வருஷம் கழிச்சு அவரு முன்னாலயே போயி நின்னுக்கிட்டு, "இதுல ஆவுடையப்பன் யாரு?"ன்னு கேக்கச் சொல்றியா? செத்துருவேன் நான். அவரு என்ன நெனப்பாரு? எல்லாப் படத்துலயும் என்னைக் கண்டுபிடிச்ச மனுஷன்மா அவரு.

பாக்கேன் பாக்கேன், எத்தனை தடவை பாத்தாலும் தெரியலையே. ரெண்டும் யாரோ மாதிரித்தான் இருக்கு. இல்லம்மா, நீ வர வேண்டாம். நீ வந்தாலும் எனக்குத் தெரிஞ்சுருமா? எனக்கில்லா தெரியணும்.

என்னப்பா? சேவா? புதுசா? அரைக் கிலோ குடு. ஜன்னல் வழியாவே குடு, இந்தா. பாரு, எறங்கவே வேண்டாம், காராச்சேவு தானா வந்துருச்சு. மதினி கேட்டதும் வாங்கியாச்சு. தள்ளிக்கோ, உக்காருறேன்.

விசில் அடிச்சுட்டாரு.

போகட்டும். திரும்பிப் பாக்காதம்மா, நானே பாக்கலை. நீ ஏன் கண்ணைத் தொடைக்கே? தூசியா? பையைக் குடு, மடியில வச்சுக்கிடுறேன்.

என்ன சொல்றே? ஸ்டூடியோவுலயா? கம்ப்யூட்டர்ல மதினியை மட்டும் எடுத்துரலாமா? காப்பியில எடுத்தா இந்தப் படத்துக்கு ஒண்ணும் ஆகாது, பானுவுக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றே. அடியில இருக்கிறது கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? அது ஏதோ ஒரு முகத்தைத்தானே வரைஞ்சு வைக்கும்? சரி, வரையலை, நெசமாவே பைய நனைச்சு எடுக்கான்னு வச்சுக்கோ, தோஷமும் இல்லைன்னே வச்சுக்கோ. எடுத்த பிறகு அந்த முகத்தைப் பாத்தும் எனக்கு அடையாளம் தெரியலைன்னா? இப்பத் தெரியலைல்ல, அந்த மாதிரி? வேண்டாம்மா. மதினி அங்கேயே இருக்கட்டும்.

ஸ்டூடியோவுல வேற ஒண்ணு சொல்லணும். நீ மதுரையில எறங்கும்போது எனக்கு ஞாபகப்படுத்து, நான் பதட்டத்துல மறந்தாலும் மறந்துருவேன். எல்லாப் படத்துலயும் என்னை எடுத்துரட்டும், பானு சொன்னபடியே எடுத்துரட்டும். இந்த ஒரு படத்துல மட்டும் என்மேல கை வைக்கக் கூடாதுன்னு சொல்லணும். எடுத்தா என்ன ஆகும்? பானு, மதினி, அடியில அவரு.

மூணு பேரா ஆயிருவாங்கல்ல.